ஆண்களுக்கும் எலும்பு மெலியும்

நேயர்களுக்கு வணக்கம். 60 வயதுக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் கால் தடுக்கி விழுகிறார். மணிக்கட்டு முறிகிறது. மாவுக்கட்டுப் போட்டு, சில வாரம் கழித்துப் பிரித்தாயிற்று. கை கூடிவிட்டது, சரி என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்று யாரும் கேட்பதில்லை. விழுந்தது அவர் மனைவியாக இருந்தால், எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் இருக்குமோ என்று யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு, இனி வரும் காலத்தில் இப்படி ஒரு முறிவு வருகிறது. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, உண்மை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் உயிரிழப்பது ஆண்களில்தான் அதிகம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே குடும்ப மருத்துவரால் நிறையச் செய்ய முடியும். ஆண்களில் பாதிப் பேருக்காவது எலும்பு மெலிவுக்குப் பின்னால் வேறொரு காரணம் இருக்கும். மூச்சிரைப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரை, புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் ஹார்மோன் ஊசி, வலிப்பு மாத்திரை, குடி, புகை, தைராய்டு மிகுதி, டெஸ்டோஸ்டீரான் குறைவு. இதில் பலவும் அவர் கையிலிருக்கும் பழைய சீட்டிலேயே எழுதியிருக்கும்.

நான் உயரத்தையும் அளந்து பார்ப்பேன். "பேன்ட் எல்லாம் தரையில இழுபடுது டாக்டர்" என்று ஒருவர் சொன்னால் அதை லேசாக விடமாட்டேன். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முதுகெலும்பு முறிவு பல நேரம் வலியே இல்லாமல் வந்துவிடும். அப்புறம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் வரும் அடர்த்தி அளவான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம், தைராய்டு, டெஸ்டோஸ்டீரான் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் தேவை.

முறிவு ஏற்கெனவே வந்தவருக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. எலும்பு கரைவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சொலெட்ரானிக் அமில ஊசி உண்டு.

மாத்திரை போட்டும் உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று சிலர் சில மாதங்களில் நிறுத்திவிடுகிறார்கள். எலும்பு பலப்படுவது வெளியே தெரியாது; தொடர்ந்து எடுங்கள். எலும்பைப் பலப்படுத்த 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் இன்னும் கவனம் வேண்டும். தேதி தள்ளிப்போனாலோ பாதியில் விட்டாலோ, சேர்ந்த பலம் வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேல் முறியக்கூடும். ஊர் மாறிப் போகிறவர்கள் கடைசி ஊசி போட்ட தேதியை எழுதி எடுத்துச் செல்லுங்கள், புது மருத்துவரிடம் முதல் நாளே காட்டுங்கள்.