‘தொடரவா?’ என்று கேட்டால் போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை.

இன்றைக்கு ஒரு வங்கி மென்பொருளின் ஒரே ஒரு திரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கையால் வரைந்து வைத்திருக்கிறேன். தெரிகிறதா? கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். சரி. வரிசையாகச் சில பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக் போட ஒரு கட்டம். இந்த மூன்றை மட்டும் பாருங்கள்: பிரின்சிபல், ஃப்ரன்ட், ஃபண்ட். ஒன்றும் புரியவில்லையா? தினமும் அதில் வேலை பார்த்தவர்களே இதில்தான் வழுக்கி விழுந்தார்கள்.

2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனம் பலரிடம் சேர்த்துப் பெரிய கடன் ஒன்று வாங்கியிருந்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் பணத்தைப் பிரித்து அனுப்பும் பொறுப்பு சிட்டி வங்கியுடையது. அன்றைக்குப் போக வேண்டியது வட்டி மட்டும், சுமார் 78 லட்சம் டாலர். போனதோ அசலும் சேர்ந்து கிட்டத்தட்ட 90 கோடி டாலர். அதுவும் ரெவ்லான் கொடுத்த பணம் இல்லை, வங்கியின் சொந்தப் பணம்.

யாரோ தூக்கக் கலக்கத்தில் தட்டிவிட்டார்கள் என்றுதானே தோன்றுகிறது? மூன்று பேர் பார்த்தார்கள். பதிவு செய்ய ஒருவர், சரிபார்க்க ஒருவர், அனுமதி கொடுக்க ஒருவர். ஆறு கண் முறை என்றே அதற்குப் பெயர். முதல் இருவர் இந்தியாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள். மூன்றாமவர் அமெரிக்காவில் டெலவேரில் இருந்த சிட்டி அதிகாரி. நம் ஊரில் வங்கி வேலை பார்ப்பவர்களுக்கு மேக்கர், செக்கர் என்றால் உடனே புரியும்.

அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் ஃப்ளெக்ஸ்க்யூப். (சிட்டியின் கிளையாக இந்தியாவில் பிறந்த ஒரு நிறுவனம் உருவாக்கியது அது, பிறகு ஆரக்கிள் கைக்குப் போனது. தன் வீட்டுப் பிள்ளைதான்!) அந்த வேலையை அதில் நேராகச் செய்ய வழியில்லை. அதனால் ஒரு சுற்றுவழி: மொத்தக் கடனையும் அடைப்பதுபோல் பதிவு செய்யவேண்டும். அப்போது வட்டி எல்லாருக்கும் போய்விடும். அசலை மட்டும் வெளியே விடாமல், ‘வாஷ் அக்கவுண்ட்’ என்ற வங்கியின் உள்கணக்குக்குத் திருப்பிவிடவேண்டும்.

திருப்பிவிடுவது எப்படி? அசலுக்கு ஆங்கிலத்தில் பிரின்சிபல். திரையிலும் பிரின்சிபல் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதில் டிக் போட்டு, உள்கணக்கு எண்ணைத் தட்டுவீர்கள். அதைத்தான் பதிவு செய்தவரும் செய்தார். ஆனால் ஃப்ரன்ட், ஃபண்ட் இரண்டிலும் அதே எண்ணைப் போட்டால்தான் அசல் உள்ளே நிற்கும். கையேட்டில் இருந்தது. திரையில் இல்லை. மூன்று பேருமே, அசல் வாஷ் அக்கவுண்டுக்குத்தான் போகிறது என்று மனதார நம்பினார்கள்.

கடைசியில் எச்சரிக்கையும் வந்தது. வங்கிக்கு வெளியே பணம் அனுப்பப்படும், தொடரவா என்று கேட்டது. எவ்வளவு பணம் என்று சொல்லவில்லை. வட்டி வெளியே போகவேண்டியதுதானே? அதனால் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்பதே சரியான பதில். இதை நான் எத்தனை முறை யோசித்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

மென்பொருள் வடிவமைக்கும் எங்கள் தொழிலில் ஒரு பழைய பாகுபாடு உண்டு, டான் நார்மன் என்ற வடிவமைப்பு அறிஞர் பரப்பியது. நினைப்பு சரி, கை தவறியது என்பது ஒன்று. நினைப்பே தவறு, கை அதைச் சரியாகச் செய்து முடித்தது என்பது இன்னொன்று. ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்வி முதல் வகையைத்தான், அதுவும் சில நேரம்தான், பிடிக்கும். இரண்டாவது வகைக்காரரிடம் நூறு முறை கேட்டாலும் நிச்சயம் என்றுதான் சொல்வார். இன்னும் நாலு கண்ணைச் சேர்த்தாலும் அதே திரையைத்தானே பார்க்கப்போகின்றன?

மறுநாள் காலை வழக்கமான சரிபார்ப்பில்தான் குட்டு வெளிப்பட்டது. கேட்டதும் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரை மற்றவர்கள் தர மறுத்தார்கள். வழக்கு நடந்தது. 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

யூபிஐ-யில் பணம் அனுப்பும்போது பின் நம்பர் போடும் திரையைக் கவனித்திருக்கிறீர்களா? யாருக்கு, எவ்வளவு, இரண்டும் அங்கேயே இருக்கும். 500-க்குப் பதில் 5000 தட்டியிருந்தால் அந்த இடத்தில் கண்ணில் படும். டீக்கடையில் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற மரியாதை 90 கோடி டாலருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில் போடும் மென்பொருள் வடிவமைத்தேன். பில்லை ரத்து செய்தால் ‘உறுதியாக ரத்து செய்யவா?’ என்று ஒரு பெட்டி. பெருமையாகத்தான் வைத்தேன். கல்லாவில் இருந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். பெட்டி வரும் முன்பே அவர் விரல் என்டர் மேல் இருக்கிறது. ‘அக்கா, இப்போது என்ன கேட்டது?’ என்றேன். ‘அது எப்பவும் ஏதாவது கேக்கும் தம்பி, அமுக்கினா போயிடும்’ என்றார்.

அப்புறம் இரண்டு மாற்றம் செய்தேன். அன்றைய பில்லுக்குக் கேள்வியே கிடையாது. ரத்து ஆகிவிடும், ‘திரும்பப் பெறு’ என்ற பொத்தான் அரை நிமிடம் நிற்கும். ஜிமெயிலில் அனுப்பிய மெயிலைச் சில நொடிக்குள் நிறுத்த முடிகிறதே, அங்கே பார்த்த யோசனைதான். முந்தைய நாள் பில் என்றால் மட்டும் பெட்டி வரும். ‘ஆம்’, ‘இல்லை’ கிடையாது. பார்ட்டி பெயர், தேதி, தொகை மூன்றும் பெரிதாக இருக்கும், பொத்தானில் ‘இந்த 1,84,000 ரூபாய் பில்லை ரத்து செய்’ என்று இருக்கும்.

மறுபடி போய் உட்கார்ந்தேன். பெட்டி வந்தது. அக்கா விரல் என்டருக்குப் போய் நின்றது. ‘ஏய், இது போன மாசத்து பில்லுல்ல?’ என்று முதலாளியைக் கூப்பிட்டார்.

விசில் மூன்றாகிவிட்டது, நான் போய் அடுப்பை அணைக்கிறேன்.