நோஞ்சான் பூனைக்குட்டிக்கும் பால் கிடைக்க என்ன செய்யலாம்?

[காட்சி: அட்டைப்பெட்டி, பழைய போர்வை. தாய்ப்பூனையும் ஐந்து குட்டிகளும்.]

வணக்கம். நாலு குட்டிகள் வயிறு முட்டக் குடிக்கின்றன. ஐந்தாவதைப் பாருங்கள். இருப்பதிலேயே சின்னது. மற்றவற்றின் முதுகில் ஏறுகிறது, சறுக்குகிறது, மறுபடி ஏறுகிறது. காம்பு வாயில் சிக்கினாலும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று தள்ளிவிடுகிறது.

இதைப் பார்த்ததும் பலர் பசும்பாலைத் தேடி ஓடுகிறார்கள். வேண்டாம். பெரும்பாலும் தாயிடம் பால் இருக்கும், இதற்கு இடம்தான் கிடைக்காது. அந்த இடத்தைப் பிடித்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

[காட்சி: குட்டியின் வயிற்றைத் தொடும் விரல்.]

அதற்கு முன்னால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதா? அப்படியானால் பால் பிறகு, முதலில் சூடு. முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால் உறிஞ்சவும் தெம்பிருக்காது, குடித்த பாலும் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அருகில் வையுங்கள். மெதுவாகச் சூடேறட்டும்.

[காட்சி: இரண்டு கொழுத்த குட்டிகள் வேறு பெட்டிக்கு மாறுகின்றன.]

இப்போது கொழுத்த இரண்டு குட்டிகளை எடுத்து, கதகதப்பான இன்னொரு பெட்டியில் கால் மணி நேரம் விடுங்கள். நம் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். வீட்டோடு பழகிய பூனை பொதுவாக அப்படிச் செய்யாது. சின்னதைப் பின்னங்கால் பக்கக் காம்பில் சேருங்கள். ஒரு சொட்டு பிதுக்கி உதட்டில் தடவினால் பிடித்துக்கொள்ளும். உண்மையாகவே குடிக்கும்போது காது லேசாகத் துடிக்கும், முன்னங்கால்கள் தாயின் வயிற்றைப் பிசையும். நான் எப்போதும் தேடுவது அந்தக் காதைத்தான்.

பிறந்த முதல் நாள் சீம்பால் ரொம்ப முக்கியம். நோய் எதிர்ப்புச் சக்தி அதிலிருந்துதான் வருகிறது. அன்றைக்கு மட்டும் இதற்காக எத்தனை முறை உட்கார்ந்தாலும் தகும்.

[காட்சி: சமையலறைத் தராசு, கிண்ணத்தில் குட்டி.]

குடித்ததா இல்லையா என்று தராசைக் கேளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், அப்புறம் நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். 70 கிராமில் பிறந்திருந்தால் ஆபத்து அதிகம், எடை ஏறிக்கொண்டே வருகிறதா என்று இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஏறவில்லையா? சரி, செல்லப்பிராணிக் கடையில் பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் கிடைக்கும். பசும்பாலில் புரதமும் கொழுப்பும் இதற்குப் போதாது, வயிற்றுப்போக்கும் வரும். வெதுவெதுப்பாகக் கரைத்து, 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி வரை, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் கொடுங்கள். குட்டி குப்புறப் படுத்தபடியே குடிக்கட்டும். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

மூக்கு வழியாகப் பால் வந்தாலோ, எடை குறைந்தாலோ, ஓயாமல் கத்தினாலோ, உடம்பு துவண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கதகதப்பாகச் சுற்றி உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தாயையும் கூட்டிப் போங்கள். காம்பு சிவந்து கல்லாகக் கட்டியிருந்தால், மற்ற நாலுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் தேவைப்படும்.