கல்லீரலில் உள்ள கொழுப்பு எங்கிருந்து வந்தது?

அனைவருக்கும் வணக்கம்.

கொழுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழில் இந்தச் சொல்லுக்கே கெட்ட பெயர். ஒருவன் திமிராகப் பேசினால் 'உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு' என்கிறோம். அடங்காமல் திரிந்தால் 'கொழுப்பெடுத்து அலைகிறான்' என்கிறோம். வாயில் வைக்கும் முன்பே கூண்டில் ஏற்றிவிட்டோம். இன்று அந்த வழக்கைக் கொஞ்சம் நிதானமாக விசாரிப்போம்.

ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்தால் பலரும் முதலில் செய்வது எண்ணெயை நிறுத்துவதுதான். தின்ற கொழுப்பு நேராகப் போய் ஈரலில் உட்கார்ந்துவிட்டது என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரலைக் கொழுக்க வைப்பதற்காகவே வளர்க்கும் வாத்துகளுக்கு என்ன ஊட்டுகிறார்கள் தெரியுமா? வெண்ணெய் இல்லை, மக்காச்சோளம். பெரும்பாலும் மாவுச்சத்து. சில வாரங்களில் ஈரல் பல மடங்கு பெருத்துவிடும். பழைய ரோமானியர்கள் இதற்கு அத்திப்பழம் ஊட்டினார்கள். பிரெஞ்சில் 'ஃபுவா', இத்தாலியத்தில் 'ஃபெகாத்தோ' என்று ஈரலைக் குறிக்கும் சொற்களே லத்தீனில் அத்திப்பழத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தவை. இனிப்புக்கும் ஈரல் கொழுப்புக்கும் உள்ள உறவு மொழியிலேயே பதிந்து கிடக்கிறது.

வாத்து இருக்கட்டும், மனிதனுக்கு வருவோம். கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்பு ஏறியிருந்தால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளின் உணவிலும் ரத்தத்திலும் அடையாளமிட்ட மூலக்கூறுகளைச் செலுத்தித் தடம் பிடித்தார்கள். ஈரலில் இருந்ததில் சுமார் 59 விழுக்காடு, உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து ரத்தத்தின் வழியே வந்தது. 26 விழுக்காட்டை ஈரலே சர்க்கரை, மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து தயாரித்துக்கொண்டது. உணவுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடு மட்டும்.

முதல் எண்தான் முக்கியம். தோலுக்கடியிலும் வயிற்றிலும் உள்ள கொழுப்புத் திசு ஒரு களஞ்சியம். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் 'வெளியே விடாதே, கதவைச் சாத்து' என்று அதற்குச் சொல்லும். இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காமல் போவதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். அது வந்த உடம்பில் அந்தக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. சாப்பிட்ட பிறகும் கொழுப்பு அமிலங்கள் கசிந்துகொண்டே இருக்கும், ஈரல் அவற்றை வாங்கிக்கொண்டே இருக்கும். முடிந்த அளவு பொட்டலம் கட்டி ரத்தத்தில் அனுப்பும். ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அனுப்ப முடியாதது உள்ளேயே தங்கும். தங்கிய ஈரலோ இன்சுலினுக்கு இன்னும் செவிடாகி, தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விடும். அதனால்தான் தொப்பை, சர்க்கரை, டிரைகிளிசரைடு, ஈரல் கொழுப்பு நான்கும் அடிக்கடி ஒன்றாகவே வருகின்றன. 2023இல் மருத்துவச் சங்கங்கள் கூடி இந்த நோயின் பெயரையே மாற்றின. 'மது சாராத' என்று எது இல்லை என்பதை வைத்து அழைத்ததை விட்டு, 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த' என்று காரணத்தைப் பெயரில் வைத்தார்கள். தாமதமானாலும் நல்ல மாற்றம்.

பொட்டலம் கட்டுவதற்கும் சரக்கு வேண்டும். அதில் ஒன்று கோலின் என்ற சத்து. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கு கொண்ட சார்ல்ஸ் பெஸ்ட், 1930களில் டொராண்டோவில் விலங்குகளிடம் இதைக் கண்டார். கோலின் குறைந்தால் ஈரலில் கொழுப்பு தேங்கியது, கொடுத்தால் குறைந்தது. முட்டை மஞ்சள் கருவில் அது நிறைய இருக்கிறது. கொழுப்பு என்று பயந்து பலர் தூக்கிப் போடுவதும் அதே மஞ்சள் கருவைத்தான்!

அப்படியானால் உணவுக் கொழுப்புக்கு விடுதலையா? இல்லை. அளவை மட்டும் பார்த்து வகையைப் பார்க்காமல் விடுவதுதான் நம் தவறு. ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் செய்து 2014இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒல்லியான 39 இளைஞர்களுக்கு 7 வாரம் வழக்கமான உணவோடு கூடுதலாகக் கேக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயில் கேக், மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய் கேக். பாமாயிலில் வெண்ணெய்போல் உறையும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், சூரியகாந்தி எண்ணெயில் எளிதில் உறையாத நிறைவுறாக் கொழுப்பு அதிகம். இரு அணியிலும் சராசரியாக 1.6 கிலோ எடை கூடியது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை. உள்ளே பார்த்தால், பாமாயில் அணியில் ஈரல் கொழுப்பும் குடலைச் சுற்றிய கொழுப்பும் தெளிவாகக் கூடியிருந்தன. சூரியகாந்தி அணியில் கொழுப்பில்லாத திசு அதிகமாகக் கூடியிருந்தது. தராசு இரண்டையும் ஒரே எடை என்றுதான் சொன்னது.

2018இல் ஃபின்லாந்தில் வந்த ஆய்வு இன்னும் கறார். கூடுதல் எடை கொண்டவர்களுக்கு மூன்று வாரம், தினமும் 1000 கலோரி கூடுதல். நிறைவுற்ற கொழுப்பு சாப்பிட்டவர்களின் ஈரல் கொழுப்பு 55 விழுக்காடு கூடியது. சர்க்கரை சாப்பிட்டவர்களுக்கு 33. நிறைவுறாக் கொழுப்பு சாப்பிட்டவர்களுக்கு 15. நிறைவுற்ற கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பையும், செராமைடு என்ற தொல்லை தரும் கொழுப்புப் பொருள்களையும் கூட்டியது. நிறைவுறாக் கொழுப்பு களஞ்சியத்தின் கசிவைக் குறைத்தது. சர்க்கரை ஈரலையே கொழுப்புத் தொழிற்சாலை ஆக்கியது. ஒரே ஈரல், வழிகள் வேறு.

இங்கேதான் 'கொழுப்பு குறைந்தது' என்று அச்சிட்ட பொட்டலங்கள் மேல் எனக்குக் கோபம். கொழுப்பை எடுத்துவிட்டு ருசிக்காகச் சர்க்கரையைக் கொட்டினால் என்ன லாபம்? அதிலும் பழச்சர்க்கரை எனும் ஃபிரக்டோஸ் பெருமளவு குடலிலும் ஈரலிலுமே செலவாகிறது. இனிப்பு பானமாகக் குடிக்கும்போது ஒரே நேரத்தில் வெள்ளமாக வருவதால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கிவிடும். முழுப் பழத்தை மென்று தின்னும்போது அப்படி நடப்பதில்லை. அதனால் கொழுப்பைக் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால், 'அந்த இடத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேளுங்கள். வெண்ணெய்க்குப் பதில் கொட்டைகளும் ஆலிவ் எண்ணெயும் மீனும் வந்தால் கதை வேறு, பிஸ்கட் வந்தால் வேறு.

ட்ரான்ஸ் கொழுப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும், நல்லதைக் குறைக்கும். தொழிற்சாலையில் உருவாகும் இந்தக் கொழுப்பை உணவிலிருந்தே அகற்றும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. அதற்கு இரண்டாவது வாய்ப்பு தர வேண்டியதில்லை. நிறைவுற்ற கொழுப்பு அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அந்த நிறுவனத்தின் கணக்குதான்.

முன் வரிசையில் ஓர் ஐயா வெகுநேரமாகக் கையைத் தூக்கியபடி இருக்கிறார். கேளுங்கள் ஐயா.

'நிறைவுறாத எண்ணெய் என்றால் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம், அப்படித்தானே?'

அந்தக் கேக்கை நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா. சூரியகாந்தி அணியும் அதே 1.6 கிலோ ஏறியது. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். அப்புறம், எடை கூடினால் களஞ்சியக் கதவு மறுபடி கசியும். ஈரலில் கொழுப்பு ஏறிவிட்டவர் எடையில் 5 விழுக்காடு குறைத்தாலே அது இறங்கத் தொடங்கும். அழற்சி தணிய 7 முதல் 10 விழுக்காடு வேண்டும். தழும்பு விழ ஆரம்பித்திருந்தால் 10 அல்லது அதற்கு மேல். 80 கிலோ இருக்கிறவருக்கு முதல் படி வெறும் நாலு கிலோதான்.

அடுத்த கேள்வி? பின்னால் அந்த அம்மா.