கொன்றை விதை முளைக்கலையா? வெந்நீருக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம். கையில இருக்கிறது சரக்கொன்றை விதை. நகத்தால அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி. தோல் தண்ணியை உள்ள விடாது, அதனால மண்ணுல மாசக்கணக்குல சும்மா கிடக்கும். இதைத்தான் விதை உறக்கம்னு சொல்றோம். வாகை, கருவேல், சுபாபுல், குல்மோகர் எல்லாம் இதே சாதிதான்.

உடனே அடுப்பைப் பத்த வைக்காதீங்க. பத்து விதையைச் சாதா தண்ணியில ராத்திரி ஊறப் போடுங்க. காலையில முக்கால்வாசி உப்பியிருந்தா வெட்டுறது, வெந்நீர்னு எந்த நேர்த்தியும் வேண்டாம். புங்கனுக்குத் தோல் மெலிசு. வெந்நீர் ஊத்தினா அவிஞ்சுபோயிடும்.

உப்பலையா? கொஞ்சம் விதைன்னா நகவெட்டி போதும். கிட்ட காட்டுறேன். இந்தக் கூர் முனைதான் விதை காயில ஒட்டியிருந்த இடம். வேர்க்குருத்து இந்தப் பக்கம்தான் இருக்கு, இங்க கை வைக்காதீங்க. எதிர் முனையில தோலை மட்டும் லேசா வெட்டுங்க. பழுப்புக்குக் கீழ வெளுப்பு தெரிஞ்சதா? அத்தோட நிறுத்துங்க. உப்புத்தாள்ல தேய்ச்சாலும் சரி.

சுபாபுல் மாதிரி கிலோக்கணக்குல இருந்தா வெந்நீர். விதை 1 பங்கு, தண்ணி 10 பங்கு. தண்ணி கம்மியா இருந்தா விதை விழுந்ததுமே சூடு இறங்கிடும், பாதி வேலைதான் நடக்கும். 80 டிகிரியில 3 நிமிஷம், வடிச்சுட்டு பச்சத்தண்ணியில 12 மணி நேரம். விதை காயில ஒட்டியிருந்த தழும்புக்குப் பக்கத்துல தோல்ல பலவீனமான ஒரு புள்ளி இருக்கும். சூட்டுல அது திறந்துக்கும், தண்ணி அது வழியா இறங்கும். அடுப்புல வச்சே கொதிக்க விட்டீங்கன்னா அது சமையல்.

அடர் கந்தக அமிலம்? நர்சரிக்காரங்க செய்வாங்க. வீட்டுல வேண்டவே வேண்டாம். விதை ஈரமா இருந்தாலே சூடு கிளம்பித் தெறிக்கும்.

இப்ப பிரிக்கிற வேலை. உப்பினதை அன்னிக்கே விதைச்சிடுங்க, விதையோட தடிமன் அளவு ஆழம் போதும். 24 மணி நேரத்துக்கு மேல தண்ணியில விட்டா காத்து கிடைக்காம அழுகும். வண்டு துளைச்ச விதையும் நல்லாவே உப்பும், ஏமாந்துடாதீங்க. ஓட்டை தெரிஞ்சா எடுத்துப் போடுங்க. உப்பாததைத்தான் பலபேர் தூக்கி வீசுறாங்க. அது சாகலைங்க, இன்னும் தூங்குது. துடைச்சு எடுத்து, மறுபடி நகவெட்டி.