பந்தியில் இறங்கும் முள்

வணக்கம் நேயர்களே. திருநெல்வேலி டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் உட்கார்ந்தால் ராஜா. சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறார், பக்கத்து இலைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே "மவன் இப்ப எங்க வேல பாக்கான்?" என்று கேட்கிறார், பையனோ பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். அந்த நேரத்தில் அண்ணாச்சி தன்னைப் பற்றி என்ன நினைப்பார்? தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கிற அந்த மதிப்பை, அதாவது சுயமதிப்பை, அளக்க முடியுமா?

முடியும். அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க் 1965-ல் வெளியிட்ட பத்து வாக்கிய அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. "மொத்தத்தில் என்னைப் பற்றி எனக்குத் திருப்திதான்" என்கிற மாதிரி வாக்கியங்கள், நாலு படியில் பதில். ஆனால் அது பொதுவாக ஆள் எப்படி என்றுதான் கேட்கிறது, பந்தியில் நடந்தது அதில் சிக்காது.

அதற்காகத்தான் 1991-ல் ஹெதர்டன், போலிவி என்கிற இரண்டு உளவியலாளர்கள் இந்த நிமிடத்தைப் பற்றி மட்டும் கேட்கிற 20 வாக்கியங்களை உருவாக்கினார்கள். திறமை, பிறர் பார்வை, தோற்றம் என்று மூன்று பிரிவு உண்டு. எனக்குப் பிடித்தது இந்தப் பிரிப்புதான்: அண்ணாச்சிக்கு பிறர் பார்வை சரிந்திருக்கலாம், அதற்காகக் கணக்கு வழக்கில் தன் திறமைமேல் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

உளவியலாளர் மைக்கேல் கெர்னிஸ் இன்னொரு வழி பார்த்தார். ஒரே கேள்விகளைச் சில நாள் காலையும் மாலையும் கேட்டு, பதில் எவ்வளவு ஆடுகிறது என்று கணக்கிட்டார். மதிப்பெண் உயரமாக இருந்தும் ரொம்ப ஆடுகிறவர்களுக்குத்தான் கோபம் அதிகம் என்று தெரிந்தது. நம்ம பக்கம் இப்படி ஆட்களுக்குப் பஞ்சமா என்ன? வாய் நிறையப் பெருமை பேசுவார், அழைப்பிதழில் பேர் விட்டுப்போனால் சொந்த மச்சானோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

ஏன் ஆடுகிறது? உளவியலாளர் மார்க் லியரி சொல்வது, சுயமதிப்பு என்பது பைக்கின் பெட்ரோல் முள் மாதிரி, நாலு பேர் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதைக் காட்டுகிறது. அதனால் கண்ணாடி முன்னால் நின்று "நான் சாதிப்பேன்" என்று கத்தச் சொல்லும் வகுப்புகள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

செல்போன் வந்த பிறகு இப்படி அடிக்கடி கேட்டு அளக்கிற வேலை சுலபம். நினைக்காத நேரத்தில் மணி அடிக்கும். எங்கே, யாரோடு இருக்கிறீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு மூன்று கேள்வி, அவ்வளவுதான். ரொம்ப அடித்தாலும் ஆபத்து, சனம் சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை அமுக்கிவிடும்.