டேப்பை எங்கே வைக்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம். செருப்பு வாங்கினால்கூடக் காலில் போட்டு நாலடி நடந்து பார்க்கிறோம். நாள் முழுக்க உட்காரப்போகும் சக்கர நாற்காலியை மட்டும் கடையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கடையில் மடக்கி வைத்திருப்பது பெரும்பாலும் 18 இன்ச் இருக்கை. இடுப்பு அகலம் 14 இன்ச் உள்ள ஓர் அம்மா அதில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். சக்கரம் கைக்கு எட்டாது.

அளவெடுக்க, சென்னைப் பக்கம் முட்டுக்காட்டிலோ கே.கே. நகரிலோ உள்ள மறுவாழ்வு மையத்துக்கு நேரில் வருவதுதான் நல்லது. ஆனால் முதுகுத்தண்டில் அடிபட்டவரைத் திருவண்ணாமலையிலிருந்து வேனில் உட்காரவைத்துக் கூட்டிவந்தால், உணர்ச்சியில்லாத இடத்தில் வழியிலேயே புண் ஆரம்பித்துவிடலாம். அதனால்தான் வீடியோ அழைப்பில் எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்று யோசிக்கிறோம். நிறையவே பார்க்கலாம், டேப்பைச் சரியாக வைத்தால்.

இந்த டேப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பது தையற்காரர் டேப். ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். போனில் "நாற்பது" என்கிறார்கள். எந்தப் பக்கத்து நாற்பது? முதலில் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து, இடுப்பு அகலம் என்றதும் ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பது போல டேப்பை உடம்பின் வளைவோடு போட்டுவிடுவார்கள். வளைவோடு போனால் அளவு கூடிவிடும். நமக்கு வேண்டியது நேர்க்கோடு. அவரை மர ஸ்டூலிலோ பெஞ்சிலோ உட்காரவையுங்கள். சோபா, மெத்தை வேண்டாம், அமுங்கிவிடும். இடுப்பின் இரு பக்கமும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒவ்வொன்றை நிமிர்த்தி ஒட்டி வையுங்கள். இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் இடுப்பு அகலம். நைட்டியோ லுங்கியோ கொசகொசவென்று கிடந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபடி சொல்கிறேன்: வளைவோடு வேண்டாம், நேர்க்கோடு.

அடுத்தது இருக்கையின் ஆழம். பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் 3 முதல் 6 சென்டிமீட்டர் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் இருக்கையின் முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் குத்தும். குத்தினால் அவர் முன்னால் சறுக்கி உட்காருவார், பாரமெல்லாம் வால் எலும்பில் இறங்கும். "எத்தனை தடவை தூக்கி உட்காரவைத்தாலும் வழுக்கிப் போய்விடுகிறார்" என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறார்களே, பல நேரம் தப்பு அந்த ஆழத்தில்தான் இருக்கிறது.

போனை யாரும் கையில் பிடிக்க வேண்டாம். மேலிருந்து காட்டினால் சாய்ந்திருப்பவரும் நேராகத் தெரிவார். இருக்கை உயரத்தில், ஆறேழு அடி தள்ளி, எதிலாவது சாய்த்து வையுங்கள். முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை காட்டுங்கள். அவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் வெறும் நிழல்தான் தெரியும்.

இதில் முடியாதது ஒன்று உண்டு. ஒரு பக்க இடுப்பு ஏறியிருப்பது திரையில் தெரியும். அதைக் கையால் அழுத்தினால் சமனாகுமா, அப்படியே இறுகிவிட்டதா என்பது திரையில் தெரியாது. சமனாகும் என்றால் நாற்காலியாலேயே திருத்தலாம். இறுகிவிட்டது என்றால் அந்த வளைவுக்கு ஏற்றபடிதான் இருக்கையை அமைக்க வேண்டும். அதை அழுத்திப் பார்த்துச் சொல்ல, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அவர் பக்கத்தில் கூட இருக்க வேண்டும். உடல் கோணிப்போன குழந்தைகளுக்கு முதல் மதிப்பீடு நேரில்தான்.

ஆனால் மருத்துவமனையில் யாருக்கும் தெரியாத ஒன்றைப் போன் காட்டிவிடும்: வீடு. சாதாரண மடக்கு நாற்காலியின் மொத்த அகலம் இருக்கையைவிட ஏறக்குறைய 8 இன்ச் கூடுதல். 18 இன்ச் இருக்கை என்றால் மொத்தம் 26. நம் அடுக்குமாடிக் குளியலறைக் கதவை அளந்து பாருங்கள். நிலைச்சட்டத்துக்கு நிலைச்சட்டம் அல்ல. கதவைத் திறந்து வைத்து, மிஞ்சுகிற இடைவெளியை. வாசற்படி 4 இன்ச் உயரம் என்றால் சாய்தளம் 4 அடி நீளம் வேண்டும். ஒரு இன்ச்சுக்கு ஒரு அடி. அந்த 4 அடிக்கு வராந்தாவில் இடம் இருக்கிறதா என்பதையும் போனிலேயே பார்த்துவிடலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நாற்காலி வந்த பிறகு என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. குஷனில் உட்காரவைத்து, உட்காரும் எலும்புக்கு அடியில் விரல்களை நுழையுங்கள். விரல்நுனியை அரை சென்டிமீட்டராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் சரி. விரல் நசுங்கினால் அந்தக் குஷன் வேண்டாம். முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் உட்காரவைத்து, படுக்கவைத்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு இன்னொரு அரைமணியில் மறையாவிட்டால் உட்காரவைப்பதை நிறுத்திவிட்டு உடனே அழையுங்கள். பிரேக் பிடிக்கவில்லையா? பழுது என்று தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன்னால் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.