குளிசை செய்ற வேல என்ன, ஒடம்பு செய்ற வேல என்ன
(ஹட்டன்ல ஒரு ஞாயித்துக்கெழம பேசினது, பேசின மாதிரியே எழுதியிருக்கேன்)

அக்காமாரே, அண்ணமாரே, இந்த மழையிலயும் கொடையோட வந்து உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன், நாலர பஸ்ஸ விட்டா டிக்கோயா ஆளுங்க பாடு திண்டாட்டம்தான்.

எச்ஐவி குளிசைன்னா சக்தி குடுக்கிற டானிக்னு நெறைய பேர் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அது வைரஸ பெருக விடாம தடுக்குது, அவ்வளவுதாங்க. நம்ம ரத்தத்துல சிடி4ன்னு ஒரு அணு இருக்கு, கங்காணி மாதிரி, மத்த அணுக்கள வேலைக்கு ஏவுறது அதுதான். நல்லா இருக்கிற ஆளுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துல பொதுவா 500க்கு மேல இருக்கும், வைரஸ் போய் புகுந்துக்கிறதே அந்த கங்காணிக்குள்ளதான். 200க்கு கீழ எறங்கிட்டா மத்தவங்கள ஒண்ணும் பண்ணாத கிருமி கூட ஆள படுக்க வச்சிரும். குளிசை வைரஸ நிறுத்தினதும் ஒடம்பே கங்காணிகள திரும்ப சேத்துக்குது, மொத ரெண்டு மூணு மாசம் வேகமா, அப்புறம் வருஷக்கணக்கா மெதுவா. கவ்வாத்து வெட்டின செடி துளுக்கிற மாதிரின்னு சொல்ல வந்தேன், ஆனா ரொம்ப பிந்தி வர்றவங்களுக்கு பழைய அளவுக்கு துளுக்காமலும் போகும். முந்தி சிடி4 எறங்குற வரைக்கும் காத்திருக்க சொன்னாங்க, 2015ல ஸ்டார்ட்ங்கிற ஆய்வு வந்தப்புறம் கண்டுபிடிச்ச ஒடனே தொடங்குங்கன்னு டபிள்யூஎச்ஓவே சொல்லிருச்சு.

நான் நர்ஸா இருந்தப்ப ஒரு அண்ணன் வந்தாரு, சிடி4 அம்பது கூட இல்ல. குளிசை போத்தல்ல லேபல உரிச்சிட்டு உள்ள பஞ்சு அடச்சு வச்சிருந்தாரு. ஏண்ணேன்னு கேட்டா, "லயத்துல செவுரு மெல்லிசு மிஸ், குலுங்குனா பக்கத்து காம்பராவுக்கு கேக்கும்"ன்னாரு. மூணாவது வாரம் காய்ச்சல், கழுத்துல நெல்லிக்கா அளவுக்கு கட்டி. இந்த மருந்துதான் என்னைய கெடுக்குதுன்னு நிறுத்திட்டாரு.

நடந்தது என்னான்னா, டிபி கிருமி முன்னாடியே அவரு கழுத்துல குடியிருந்துச்சு. எதுக்க ஆளில்லாத வரைக்கும் சத்தமில்ல, காய்ச்சல் வர்றதுக்கும் ஒடம்புல கொஞ்சம் தெம்பு வேணுமில்ல! கங்காணி திரும்பி வந்து பாக்குறாரு, மல முழுக்க புல்லு, அம்புட்டையும் ஒரே நாள்ல வெட்டுங்கடான்னு கத்துறாரு, அந்த கத்தல்தான் கட்டியும் காய்ச்சலும். டாக்டர்மாரு இத ஐரிஸ்ம்பாங்க. அதுக்காக கசாயம் குடிச்சிட்டு வீட்டுல இருந்துறாதீங்க, மூளையில டிபியோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ இருந்தா இந்த வீக்கம் உசுரையே எடுத்துரும், அதனாலதான் அவங்களுக்கு மொதல்ல அந்த நோய்க்கு மருந்த குடுத்து, சில வாரம் கழிச்சு எச்ஐவி குளிசைய தொடங்குறாங்க. மத்தவங்களுக்கு பெரும்பாலும் ரெண்டு மருந்தும் ஓடிக்கிட்டே இருக்கும், வீக்கம் கூடுனா ஸ்டீரோய்ட் சேப்பாங்க.

நிறுத்துனா என்ன ஆகும்? தூங்கிக்கிட்டு இருக்கிற சிடி4க்குள்ள வைரஸும் பதுங்கி தூங்குது, குளிசையால அத தொட முடியாது, நிறுத்தின சில வாரத்துல எந்திரிச்சு வந்துரும். அண்ணனுக்கும் வந்துச்சு.

கவர்மெண்ட் கிளினிக்ல மருந்து சும்மாதானே குடுக்கிறாங்க, வாங்கண்ணேன்னு திரும்ப கூட்டிட்டு வந்தோம். டிபி மருந்து ஆறு மாசம், எச்ஐவி குளிசை இன்னிக்கு வரைக்கும். கட்டி வத்திருச்சு. போத்தல்ல பஞ்ச மட்டும் அவரு இன்னும் எடுக்கல.

கேள்வி இருந்தா கேளுங்க, பஸ்ஸுக்கு இன்னும் இருவது நிமிஷம் இருக்கு.